மவுண்டன் சைக்கிளில் ஜம்ப் அடிக்க ஃபோர்க்கை லாக் செய்யத் தேவையில்லை

"ஜம்ப்புக்கு முன்னால் ஃபோர்க்கை லாக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் எம்பும் விசை எல்லாம் ஸ்பிரிங்கிலேயே போய்விடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், அதிர்ச்சியை வாங்க அமுங்கி எழும் கால்கள்; லாக் செய்தால் அது அமுங்காது. டர்ட் ஜம்ப் வண்டிகளில் (மண்மேடுகளில் ஜம்ப் அடிக்கவென்றே செய்த சைக்கிள்கள்) ஃபோர்க்கை விறைப்பாக வைப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் விறைப்பு வேறு, லாக் வேறு. புதிதாக ஓட்டுகிறவர் லாக் செய்யச் சொன்னதை நம்பினால், இறங்கும்போது மணிக்கட்டுதான் பதில் சொல்லும்.

லாக்அவுட் (இந்த லாக் வசதி) இருப்பது தார் ரோட்டிலும் ஏற்றத்திலும் எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டி குலுங்காமல் இருக்க. பலத்த அடி விழுந்தால் தானாகத் திறந்துகொள்ளும் வசதி சில ஃபோர்க்குகளில் உண்டு. விலை குறைந்தவற்றில் அதை நம்ப முடியாது. லாக் பொறியே கெட்டுப்போகலாம்.

உங்கள் ஃபோர்க்கில் ஸ்பிரிங்காகக் காற்று இருந்து, விசை வீணாகிறது என்று தோன்றினால் முதலில் அதன் காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் பெடலில் நின்றால், 120 மி.மீ. ஃபோர்க் ஏறக்குறைய 20 சதவீதம், அதாவது 24 மி.மீ. அமுங்க வேண்டும். ஃபோர்க் காலில் இருக்கும் ரப்பர் வளையம் அளவைக் காட்டிவிடும். 40 மி.மீ. அமுங்கினால் காற்று போதவில்லை. ஷாக் பம்பால் ஏற்றுங்கள். டயருக்கு அடிக்கும் சாதாரண பம்ப் இதற்கு ஆகாது.

அப்புறம் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப எழும் வேகம். பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அது மிக வேகமாக இருந்தால், எம்பும் இடத்தில் பின்சக்கரம் உதைத்து உங்களை ஹேண்டில்பாருக்கு மேலே தள்ளும். "ஜம்ப்பில் வண்டியின் மூக்கு கீழே குத்துகிறது" என்று இங்கே கேட்டவர் முதலில் பின் ரீபவுண்டின் திருகைத் திருகி வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம்.