யூ-ஜாயின்ட் எல்லாக் கோணங்களையும் சமாளித்துவிடாது
பழைய டிரக்கில் ஸ்டீயரிங் தண்டு பொருத்துவது பற்றி, "ஃபயர்வாலில் எங்கே வசதியோ அங்கே துளை போடுங்க, மீதியை யூ-ஜாயின்ட் பார்த்துக்கும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஃபயர்வால் என்பது எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தகட்டுச் சுவர்; யூ-ஜாயின்ட் என்பது இரண்டு தண்டுகளைக் கோணத்தில் இணைக்கும் மூட்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒற்றை யூ-ஜாயின்ட்டுக்கு 30 டிகிரிக்கு மேல் கொடுக்காமல் இருப்பதே நல்லது. அந்த 30 டிகிரியிலேயே, ஸ்டீயரிங்கைச் சீராகத் திருப்பினாலும் மறுமுனை ஒரு சுற்றில் இரண்டு முறை சுமார் 15 சதவீதம் வேகமாகவும், இரண்டு முறை 13 சதவீதம் மெதுவாகவும் சுழலும். கையில் அது இறுகி இறுகித் தளர்வதாகத் தெரியும். இரண்டு ஜாயின்ட் போட்டு, நடுத்தண்டின் இரு முனை யோக்குகளையும் (ஜாயின்ட்டின் கவை வடிவப் பகுதிகள்) ஒரே தளத்தில் வைத்து, இரு கோணங்களையும் சமமாக்கினால்தான் இது சரியாகும். மூன்று ஜாயின்ட் என்றால் நடுவில் தாங்கும் பேரிங் கட்டாயம்.

அதனால் சீட், எஞ்சின், எக்ஸாஸ்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாம் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் துளை. அப்புறம், பழைய டிரக்கின் ஃபயர்வால் மெல்லிய தகடு. ஸ்டீயரிங் தண்டையும் அதைச் சுமக்கும் குழாயையும் அது மட்டும் தாங்காது. டேஷுக்கு அடியில் உறுதியான பிராக்கெட் வேண்டும். மோதலில் மடங்கும் வகைத் தண்டு கிடைத்தால் அதையே போடுங்கள், உங்கள் நெஞ்சுக்கு நேராக இருப்பது அதுதான்.