தலையைக் கொடுத்த பிறகு

(அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் நகரில் ஒரு பழைய சலூன். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, காலை. சாயங்காலம் அலபாமா பல்கலைக்கழகத்துக்கும் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கும் ஃபுட்பால். ஃபுட்பால் என்று பேர்தான்; முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, அவன் மேல் நாலு பேர் விழுவார்கள். இந்த மாநிலத்தில் கல்யாணத் தேதி குறிப்பவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, இந்த மேட்ச் என்றைக்கு என்றுதான் பார்ப்பார்கள். நாற்காலியில் மினசோட்டாவிலிருந்து வேலைக்கு வந்த பையன். கையில் கத்தரியோடு எழுபது வயது சலூன்காரர்.)

சலூன்காரர்: எப்படி வெட்டட்டும் தம்பி?

பையன்: பார்த்தால் நல்ல பையன் என்று தோன்ற வேண்டும் ஐயா. மத்தியானம் முதல் தடவையாக அவள் அப்பாவைப் பார்க்கப் போகிறேன்.

சலூன்காரர்: இன்றைக்கா? மேட்ச் நாளிலா? யார் நாள் குறித்துக் கொடுத்தது?

பையன்: அவள்தான். அப்பா இன்றைக்குச் சந்தோஷமாக இருப்பாராம்.

சலூன்காரர்: மேட்ச் முடிகிற வரைக்கும் இருப்பார். அவர் முதலில் என்ன கேட்பார், தெரியுமா?

பையன்: சம்பளம்?

சலூன்காரர்: காலேஜ் ஃபுட்பாலில் இதுவரைக்கும் வந்தவர்களிலேயே பெரிய கோச் யார் என்பார். அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் சம்பளத்தைக் கேட்கவே மாட்டார். ஐந்து பேர் சொல்கிறேன், மனப்பாடம் பண்ணிக்கொள். ஒன்று, நிக் சேபன். தேசியப் பட்டம் ஏழு. லூசியானாவில் எல்.எஸ்.யூ என்கிற காலேஜில் ஒன்று, இங்கே அலபாமாவில் ஆறு.

பையன்: மயாமியில் கோச்சாக இருந்தபோது, அலபாமாவுக்குப் போக மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னவர்தானே?

(கத்தரி நிற்கிறது.)

சலூன்காரர்: சொன்னது 2006 டிசம்பர். வந்தது 2007 ஜனவரி. வருஷமே மாறிவிட்டது, பேச்சு மாறக் கூடாதா? காதை மடக்கிப் பிடி. இரண்டு, பிரையன்ட், இவரும் அலபாமா. பேர் பிரையன்ட்.

பையன்: பிரையன்ட் புரிந்தது. கூப்பிடுகிற பேர்?

சலூன்காரர்: பேர்தான் பேர். பேர் என்றால் கரடி. சின்ன வயதில் ஆர்கன்சாவில், மேடையில் ஒரு கரடியோடு மல்யுத்தம் போட்டார். நிமிடத்துக்கு ஒரு டாலர் என்று பேச்சு. கரடிக்காரன் காசு கொடுக்காமல் ஓடிவிட்டான். காசு போனது, பேர் நின்றது.

பையன்: அவருக்கு எத்தனை பட்டம்?

சலூன்காரர்: ஆறு.

பையன்: ஆறுமே ஜெயித்து வாங்கியதுதானே?

சலூன்காரர்: (மெதுவாக) யார் உனக்கு 1973 பற்றிச் சொன்னது?

பையன்: யாரும் சொல்லவில்லை ஐயா, சும்மா கேட்டேன்.

சலூன்காரர்: அப்போதெல்லாம் கோச்சுகள் ஒரு பக்கம், பத்திரிகைக்காரர்கள் ஒரு பக்கம் ஓட்டுப் போட்டுத்தான் சாம்பியன் யார் என்று முடிவு செய்வார்கள். கடைசி மேட்சுக்கு முன்னாலேயே கோச்சுகள் ஓட்டு முடிந்துவிடும். 1973-இல் கோச்சுகள் எங்களுக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் கடைசி மேட்சில் நோட்டர் டேம் காலேஜிடம் 24-23.

பையன்: 24 நீங்களா?

சலூன்காரர்: இல்லை.

பையன்: பரீட்சை எழுதும் முன்பே பாஸ் போட்டுவிட்டு, அப்புறம் ஃபெயில்!

சலூன்காரர்: அடுத்த வருஷமே ஓட்டை மேட்சுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். எங்களால் நாட்டுக்கு ஒரு நல்ல சட்டம் கிடைத்தது என்று வைத்துக்கொள். தலையைக் குனி.

பையன்: பட்டத்தை விடுங்கள், வெற்றிக் கணக்கைப் பார்ப்போமே. பிரையன்டுக்கு எத்தனை?

சலூன்காரர்: 323.

பையன்: எங்கள் ஊர் ஜான் கலார்டிக்கு 489.

சலூன்காரர்: யார் அது?

பையன்: செயின்ட் ஜான்ஸ் காலேஜ், மினசோட்டா. காலேஜ் ஃபுட்பாலில் அவரைவிட அதிகம் ஜெயித்தவர் கிடையாது. 1949-இல் ஆரம்பித்தார், ஓய்வு பெற்றது 2012-இல், 86 வயதில்.

சலூன்காரர்: சின்னக் காலேஜ். சரி, அவர் ப்ராக்டிஸ் எப்படி?

பையன்: விசில் கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடையாது. கோச் என்று கூப்பிடக் கூடாது, ஜான் என்றுதான் கூப்பிட வேண்டும். அப்புறம், ப்ராக்டிஸில் ஒருத்தரை ஒருத்தர் கீழே தள்ளக் கூடாது.

சலூன்காரர்: கீழே தள்ளாமல் ஃபுட்பாலா? முடி வெட்டாமல் சலூன் நடத்துகிற மாதிரி இருக்கிறது. 1954-இல் டெக்சாஸில் எங்கள் பிரையன்ட் என்ன செய்தார், தெரியுமா? அப்போது அங்கே டெக்சாஸ் ஏ அண்ட் எம் காலேஜுக்குக் கோச். ஜங்க்‌ஷன் என்கிற ஊருக்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் 10 நாள் முகாம். மண்டையைப் பிளக்கிற வெயில். குடிக்கத் தண்ணீர் கிடையாது. பாதிப் பேருக்கு மேல் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நீட்டிவிட்டார்கள். மிஞ்சினவன் இரும்பு!

பையன்: அந்த வருஷம் அந்த இரும்பு எத்தனை மேட்ச் ஜெயித்தது?

(சலூன்காரர் சீப்பை எடுத்து, சுத்தமாக இருக்கும் சீப்பை மறுபடி துடைக்கிறார்.)

சலூன்காரர்: ஒன்று.

பையன்: எத்தனைக்கு?

சலூன்காரர்: பத்துக்கு. ஆனால் 1956-இல் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை!

பையன்: இடையில் தண்ணீர் கொடுத்திருப்பார்கள் ஐயா.

சலூன்காரர்: உனக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கிருதா இறக்கியிருக்கிறேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு பேசு. மூன்று, நூட் ராக்னி, நோட்டர் டேம். 122 மேட்சில் 12 தோல்வி. 1931-இல் விமான விபத்தில் போய்விட்டார், பாவம். அவரைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன், 24-23 அவர் வேலை இல்லை. நான்கு, டாம் ஆஸ்போர்ன், நெப்ராஸ்கா. சமன் செய்தாலே பட்டம் கிடைத்திருக்கும் என்ற மேட்சில், ஜெயிக்கத்தான் ஆடுவேன் என்று ஆடி ஒரு புள்ளியில் தோற்றார். அப்புறம் எம்.பி. ஆனார்.

பையன்: கண்ணாடிக்கு மேலே இரண்டு படம் மாட்டியிருக்கிறீர்களே. கட்டம் போட்ட தொப்பி பிரையன்ட். பக்கத்தில் இருப்பவர்?

சலூன்காரர்: எடி ராபின்சன். லூசியானாவில் கிராம்ப்ளிங், கறுப்பர்களுக்கான காலேஜ். 1941-இல் சேர்ந்தார், 1997 வரை. ஆரம்பத்தில் புல் வெட்டுவது அவர், மைதானத்தில் கோடு போடுவது அவர், மேட்ச் முடிந்ததும் பேப்பருக்குச் செய்தி எழுதி அனுப்புவதும் அவர். 408 வெற்றி. பிரையன்டின் 323-ஐ 1985-இலேயே தாண்டிவிட்டார்.

பையன்: அப்படியானால் அவர்தானே ஒன்று?

சலூன்காரர்: 1970 செப்டம்பரில் எனக்கு 16 வயது. இதே ஊரில், லீஜியன் ஃபீல்டில் அலபாமா மேட்ச். கலிஃபோர்னியாவிலிருந்து யூ.எஸ்.சி வந்தது. அவர்கள் பக்கம் சாம் கன்னிங்ஹாம் என்று ஒருவன், என் நிறம். ஓடினான் பார், எங்கள் ஆட்கள் அவன் முதுகைத்தான் பார்த்தார்கள். 42-21. அன்றைக்கு அலபாமா பக்கம் என் நிறத்தில் ஆடினவர் ஒருத்தர்கூட இல்லை. நான் எந்தப் பக்கம் கை தட்டுவது என்று தெரியாமல் ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பையன்: அப்புறம்?

சலூன்காரர்: அப்புறம் காலம் மாறியது. பிரையன்ட் டீமிலும் எங்கள் பிள்ளைகள் ஆடினார்கள், நானும் மனசு வைத்தேன். பட்டியல் உன் மாமனாருக்கு. படம் எனக்கு. ராபின்சனை ஐந்தாவதாகச் சொல், கொஞ்சம் நிறுத்திச் சொல். இரு, உன் மாமனார் ஆள் எப்படி? மேட்சுக்கு வீட்டில் சிவப்புக் கொடி கட்டுவாரா?

பையன்: கொடி இருக்கிறதாம். ஆரஞ்சும் நீலமும்.

(கத்தரி, சீப்பு, சலூன்காரர் மூன்றும் அப்படியே நிற்கின்றன.)

சலூன்காரர்: ஆபர்ன்?

பையன்: அங்கேதான் படித்தாராம்.

சலூன்காரர்: இதைத் தலையைக் கொடுக்கும் முன் சொல்லியிருக்க வேண்டாமா! ஐந்தையும் மற. சேபன் பேரை அந்த வீட்டு வாசலில் எடுத்தால் பெண் வராது, நாய்தான் வரும்.

பையன்: அப்படியானால் என்ன சொல்ல ஐயா?

சலூன்காரர்: (கதவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி) வருஷா வருஷம் காலேஜ் ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் டிராஃபி என்கிறார்களே, அந்த ஹைஸ்மன் ஆபர்னில் கோச்சாக இருந்தவர். அதைச் சொல். ஆபர்ன் கோச் ஷுக் ஜோர்டன் 1957-இல் பட்டம் வாங்கினார், அதையும் சொல். இவ்வளவுக்குக் காபி கிடைக்கும்.

பையன்: பெண் கிடைக்க?

(நீண்ட மௌனம். சலூன்காரர் பிரையன்ட் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறார்.)

சலூன்காரர்: 2013-இல் அந்த ஒரு நொடியைப் பார்த்தீர்களா என்று கேள்.

பையன்: எந்த ஒரு நொடி?

சலூன்காரர்: 28-28. கடிகாரம் பூஜ்யம் காட்டிவிட்டது. எங்கள் சேபன், இல்லை, இன்னும் ஒரு நொடி பாக்கி இருக்கிறது என்று அம்பயரிடம் வாதாடி வாங்கினார். கேட்டு வாங்கினார் தம்பி! 57 கஜத்திலிருந்து கம்பத்துக்கு நடுவில் உதைக்க வேண்டும். போனால் ஜெயித்தோம், போகாவிட்டால் எக்ஸ்ட்ரா டைம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

பையன்: போகவில்லையா?

சலூன்காரர்: எட்டவில்லை. கம்பத்தடியில் ஆபர்ன் பையன் கிறிஸ் டேவிஸ் நின்று பிடித்தான். எங்கள் பக்கம் நின்றதெல்லாம் பீரோ மாதிரி ஆட்கள், ஓடுகிறவனைப் பிடிக்கிற உடம்பு இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடி மேட்சையே ஜெயித்துவிட்டான். 109 கஜம். ரெக்கார்டில் 100 என்று எழுதுவார்கள், மைதானம் அவ்வளவுதான். மிச்ச 9 கஜம் என் நெஞ்சு மேலே ஓடினது.

பையன்: இதைக் கேட்டால் போதுமா?

சலூன்காரர்: கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார். சாப்பாடு, காபி, இனிப்பு, எல்லாம் முடிகிற வரைக்கும் அவரேதான் பேசுவார். நல்ல பையன் என்று பேர் வந்துவிடும்.

(இன்னொரு கிருதாவையும் இறக்கி, பிடரியைத் தட்டித் துண்டை உதறுகிறார்.)

பையன்: எவ்வளவு ஐயா?

சலூன்காரர்: 25 டாலர்.

பையன்: வெளியே பலகையில் 20 என்று போட்டிருக்கிறதே?

சலூன்காரர்: அது முடிக்கு. அந்த ஒரு நொடியை என் வாயாலேயே சொல்ல வைத்தாயே, அதற்கு 5.