சக்கை சூடாவதற்கு முன்

சாக்கின் வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டதும் சூடு தெரிந்தது. ஆய்வுக்காக ஒரு சாறு ஆலையில் கேட்டு வாங்கிய மாதுளைத் தோல் அது. பிழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது; ஈரத்தோடு அப்படியே மூட்டை கட்டியிருந்தார்கள். மேலே கிடந்தது பழுப்பேறி, நடுவில் இருந்தது கறுத்துப்போய், புளித்த வாடையோடு கையில் பிசுபிசுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடி மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிட்டேன். அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. நாங்கள் கேட்டது கழிவு. கழிவை எப்படி அனுப்புவார்களோ அப்படித்தான் அனுப்பினார்கள்.

வேளாண் கழிவிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்சிஜன் பட்டுப் பொருள் கெடுவதைத் தடுக்கும் சேர்மம், பிரித்தெடுப்பது பற்றிப் பேச ஆரம்பித்தாலே பேச்சு கருவிகள் பக்கம் போய்விடுகிறது. மீயொலியா, மைக்ரோவேவா, உயர் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடா என்று. எல்லாம் தேவைதான். ஆனால் கருவிக்குள் போடுவதற்கு முன்பே பாதிக் கதை முடிந்துவிடுகிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வெயிலையும் பூச்சியையும் முதலில் எதிர்கொள்வது தோல். அடுத்த தலைமுறையைக் காப்பது விதை. அதனால் செடி தன் பாலிஃபீனால்களை, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட்டாக வேலை செய்யும் ஃபீனால் வகைச் சேர்மங்களை, அங்கேதான் சேர்த்து வைக்கிறது. நாம் தூக்கிப் போடுவதும் அவற்றைத்தான். வெங்காயத்தின் காய்ந்த வெளித்தோலில் இருக்கும் குவெர்செட்டின் என்ற பாலிஃபீனால் உள்ளே இருக்கும் சதையில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆலிவ் பழத்தின் ஃபீனால்களில் எண்ணெய்க்குள் போவது 2 சதவீத அளவுதான்; மற்றதெல்லாம் சக்கையிலும் ஆலைக் கழிவுநீரிலும் தங்கிவிடுகிறது. அந்தக் கறுப்பு நீரை அப்படியே நிலத்தில் விட்டால் விதை முளைப்பது தடைபடும். அதற்குப் பெரிய காரணமும் இதே ஃபீனால்கள்தான். ஆக, இதைப் பிரித்தெடுத்தால் நிலத்துக்கும் நல்லது.

சரி, அவ்வளவு இருந்தும் ஏன் கைக்கு வருவதில்லை? முழுசாக இருக்கும் செல்லுக்குள் பாலிஃபீனால் ஓர் அறையில் இருக்கிறது, அதைச் சிதைக்கும் நொதி வேறோர் அறையில். பழத்தைப் பிழிந்ததும் சுவர்கள் கிழிந்து இரண்டும் சேர்கின்றன, காற்றும் கூடுகிறது. நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாவது இப்படித்தான். ஈரம் இருந்தால் பூஞ்சையும் வந்துவிடும். அன்றைக்கே கொஞ்ச நேரம் ஆவியில் காட்டி நொதியை அடக்கவேண்டும். இல்லையென்றால் 50, 60 டிகிரிக்குள் சீக்கிரம் உலர்த்திவிட வேண்டும். இதற்கு மேதை எவரும் வேண்டாம், ஆலைக்குப் பக்கத்திலேயே ஓர் உலர்த்தி போதும். ஈரச் சக்கையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதை வண்டியில் ஏற்றித் தூரத்துக்கு அனுப்புவதில் எனக்கு நியாயமே தெரியவில்லை.

நன்றாக உலர்ந்து வந்துவிட்டால் அப்புறம் வேலை எளிது. பாலிஃபீனாலுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, சுத்த எத்தனாலும் சரிவராது. இரண்டும் கலந்ததுதான் பெரும்பாலும் நன்றாக இழுக்கும். தக்காளித் தோலின் லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி வேறு ரகம், அதற்கு எண்ணெயோடு ஒட்டும் கரைப்பான் வேண்டும். இன்னொன்று: பூச்சிக்கொல்லியும் தோலில்தான் படிகிறது. சாற்றைச் செறிவாக்கும்போது அதுவும் கூடவே செறிவாகலாம். அந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் வெளியே விடக்கூடாது.

எடுத்ததை என்ன செய்வது என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மாத்திரையாக்கி விற்க வேண்டாம். ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதிக்கும் டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் சாற்றை விட்டால், திறன் இருந்தால் அது மஞ்சளாக மாறும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சோதனைக் குழாயில் நடப்பது உடம்பிலும் நடக்கும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. உணவுகளுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் போட்டு வைத்திருந்த தன் அட்டவணையை அமெரிக்க வேளாண் துறை 2012இல் விலக்கிக்கொண்டது இதனால்தான். ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோய் அவர்களிடம் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. அதைப் படித்தபிறகும் புட்டியில் வாக்குறுதி எழுத என்னால் முடியாது. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காப்பதற்கு பிஎச்டி (BHT) போன்ற செயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்களைச் சேர்க்கிறார்களே, அந்த இடத்துக்கு இது வரட்டும். ரோஸ்மேரி இலைச் சாறு ஐரோப்பாவில் அப்படி அனுமதி பெற்று வந்திருக்கிறது. தோலுக்கும் விதைக்கும் அதே வழி இருக்கிறது.

அடுத்த முறை தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நாங்களே ஆலைக்குப் போனோம். பிழிந்து விழுந்த தோலை அங்கேயே மெல்லிசாகப் பரப்பி, அன்றைக்கே உலர்த்தியில் வைத்தோம். மறுநாள் காலையில் கையில் எடுத்தால் மஞ்சள் மாறாமல், ஒடித்தால் சடக்கென்று ஒடிந்தது. முன்பு எடுத்து வைத்திருந்த கறுப்புப் பிடியையும் உலர்த்திப் பொடித்து, இரண்டிலும் ஒரே எடை, ஒரே கரைப்பான், ஒரே நேரம். இரண்டு குழாய்களிலும் ஊதாக் கரைசலை ஊற்றினேன். புதுத் தோல் போட்டது பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிவிட்டது. மற்றது அரைமணி நேரம் கழித்தும் ஊதாவாகவே நின்றது.