ஹைடுக் ஊரை விட்டுப் போகவில்லை

ஞாயிற்றுக்கிழமை நம் கால்பந்துக் குழுவில் நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள், அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. என் அணியான குரோஷியாவின் ஹைடுக் ஸ்பிளிட் பற்றிய அந்த வீடியோ, அதற்கு மேலே போட்ட தலைப்பு, கீழே வரிசையாக விழுந்த சிரிப்புப் பொம்மைகள். "சர்வாதிகாரிக்கு அழுத கிளப், அதான் இருபது வருஷமா லீக் கோப்பையே இல்ல." நான் நாலு வரி பதில் எழுதினேன். உடனே ஒரு தம்பி, "அண்ணே, தோக்குற டீமுக்குக் கொடி பிடிச்சா இப்படித்தான் கோவம் வரும்" என்றார். அதற்கும் சிரிப்பு. அட்மினும் ஒரு சிரிப்பு போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த வீடியோ. 1980 மே 4, ஸ்பிளிட் நகரத்தின் பொல்யுத் மைதானம். குரோஷியா அப்போது யூகோஸ்லாவியாவில் ஒரு பகுதி. ஹைடுக்கும் ரெட் ஸ்டார் பெல்கிரேடும் ஆடிக்கொண்டிருக்கின்றன. 41ஆவது நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோ இறந்துவிட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். ஹைடுக் வீரர் ஸ்லாட்கோ வுயோவிச் தரையில் விழுந்து அழுகிறார். ஐம்பதாயிரம் பேர் நின்ற இடத்திலேயே பாடத் தொடங்குகிறார்கள். இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரெட் ஸ்டார் வீரர்களும் அழுகிறார்கள். நடுவரும் அழுகிறார். அன்றைக்கு ஒரு நாடே அழுதது, கேமரா இருந்த இடம் ஸ்பிளிட், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு "டிட்டோவின் கிளப்" என்று ஒரு பட்டத்தை ஒட்டுவது எந்த ஊர் நியாயம்?

டிட்டோவின் கிளப்பாக இருக்கச் சொல்லி டிட்டோவின் ஆட்களே கூப்பிட்டார்கள், ஹைடுக் மறுத்தது. இதுதான் நான் அந்த நாலு வரியில் சொன்னது. யாரும் படிக்கவில்லை.

சரி, மெதுவாகச் சொல்கிறேன். ஹைடுக் பிறந்த நாள் 1911 பிப்ரவரி 13. பிராக் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பிளிட் பையன்கள் அங்கே ஒரு பழைய பீர் கடையில் உட்கார்ந்து, நம் ஊருக்கும் ஒரு கால்பந்து அணி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். துருக்கி ஆட்சிக்கு அடங்காமல் மலைகளில் திரிந்த கலகக்காரர்களை அந்தப் பக்கம் ஹைடுக் என்பார்கள். அவர்களுடைய பழைய வாத்தியார் ஒருவர்தான் இந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். ஊரில் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சி. ஒரு பேரரசின் கீழே இருந்துகொண்டு கலகக்காரன் என்று பெயர் வைக்கத் துணிந்தவர்கள் அந்தப் பையன்கள்.

1941ல் முசோலினியின் இத்தாலி ஸ்பிளிட்டைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பெயரை இத்தாலிய மொழியில் மாற்றிக்கொண்டு எங்கள் லீக்கில் வந்து ஆடுங்கள் என்றார்கள். ஹைடுக் ஆடவில்லை. அப்புறம் இத்தாலி விழுந்தது, ஜெர்மானியரும் அவர்களுக்குத் துணையாக ஜாக்ரெப்பில் இருந்த உஸ்தாஷா பாசிச அரசும் வந்தார்கள். அவர்களுக்கும் ஆடவில்லை. வீரர்கள் ஒவ்வொருவராகப் படகேறி, டிட்டோவின் எதிர்ப்புப் படை இருந்த விஸ் தீவுக்குப் போனார்கள். 1944 மே 7, ஸ்பிளிட் நகரத்தின் காவல் புனிதர் துயேயின் திருநாளில், அந்தத் தீவிலேயே கிளப்பைத் திரும்ப எழுப்பினார்கள். அதே செப்டம்பரில் இத்தாலியின் பாரி நகரத்தில் பிரிட்டிஷ் ராணுவ அணியோடு ஒரு ஆட்டம். 7-2 என்று தோற்றார்கள். ஆமாம் தம்பி, தோற்றார்கள். ஊரை எதிரி பிடித்து வைத்திருக்கும்போது கடல் கடந்து போய், சொந்தப் பெயரோடு ஆடித் தோற்றார்கள். அந்தத் தோல்வியை எந்தக் கணக்கில் எழுதப் போகிறீர்கள்?

போர் முடிந்தது. தலைநகர் பெல்கிரேடுக்கு வாருங்கள், ராணுவத்தின் அணியாக இருங்கள், எல்லாம் செய்து தருகிறோம் என்று அழைப்பு. பணம், மைதானம், செல்வாக்கு எல்லாம் காலடியில். ஹைடுக் போகவில்லை. எங்கள் ஊர் ஸ்பிளிட் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தது. 1945 அக்டோபரில் பெல்கிரேடில் பார்ட்டிசான் என்ற புது அணியை ராணுவம் உருவாக்கிக்கொண்டது. இதைவிடத் தெளிவாக ஒரு கிளப் எப்படித் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியும்? ஊரை விட்டுப் போகவில்லை. இத்தாலிக்காரன் கூப்பிட்டான், போகவில்லை. சொந்த நாட்டு ராணுவமே கூப்பிட்டது, போகவில்லை.

1950ஐயும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 28 அன்று ரசிகர்கள் டோர்சிடா என்ற குழுவைத் தொடங்கினார்கள். அந்த வருடம் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையின் ரசிகர் கூட்டத்தைக் கேள்விப்பட்டு எடுத்துக்கொண்ட பெயர். ஐரோப்பாவில் முறையாக அமைந்த முதல் ரசிகர் குழு இதுதான் என்பார்கள். மறுநாளே ரெட் ஸ்டாரோடு ஆட்டம். கடைசி நேரத்தில் புரோகேட்டா அடித்த கோலில் 2-1 வெற்றி. அந்தப் பருவம் முழுக்க ஒரு தோல்வி கூட இல்லாமல் சாம்பியன். பரிசு என்ன தெரியுமா? டோர்சிடாவுக்குத் தடை. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவருக்குச் சிறை. ஹைடுக்குக்காக 700க்கும் மேல் கோல் அடித்த கேப்டன் ஃப்ரானே மடோஷிச்சை, ஆட்சியில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சியை விட்டே நீக்கினார்கள். கேப்டனைக் கட்சி வெளியே தள்ளிய கிளப்புக்கு நீங்கள் கட்சி முத்திரை குத்துகிறீர்கள்.

"உனக்கு என்ன இவ்வளவு? நீ என்ன குரோஷியாக்காரனா?" இந்தக் கேள்வியும் வந்தது. வரட்டும், சொல்கிறேன்.

2012 ஆகஸ்ட். நான் அப்போது சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தேன். ஸ்பிளிட் வடக்குத் துறைமுகத்தில் எங்கள் கப்பல் பத்து நாள் கிடந்தது. அங்கே ஒரு கிரேன் ஆபரேட்டர். அறுபது வயது இருக்கும், கை நிறைய கிரீஸ், கழுத்தில் அந்த வெயிலிலும் வெள்ளைத் துண்டு மாதிரி ஒரு ஸ்கார்ஃப். ஆங்கிலம் அரைகுறை, என்னுடையதும் அப்படித்தான். வியாழக்கிழமை இன்டர் மிலானோடு யூரோப்பா லீக் தகுதிச்சுற்று ஆட்டம் இருக்கிறது, வருகிறாயா என்றார். டிக்கெட் பணத்தை நீட்டினேன், என் கையை மடக்கித் திருப்பி என் சட்டைப் பைக்குள் வைத்தார்.

பொல்யுத்தை முதலில் தூரத்திலிருந்து பார்த்தபோது, யாரோ ஒரு பெரிய சிப்பியைத் திறந்து கவிழ்த்துவிட்டுப் போனது போல இருந்தது. உள்ளே போனோம். ஹைடுக் 0-3 என்று தோற்றது. மூன்றாவது கோல் விழுந்தபோது எழுந்து போகலாமா என்று அவரைப் பார்த்தேன். அவர் பாடிக்கொண்டிருந்தார். வடக்குப் பக்கம் மொத்தமும் பாடிக்கொண்டிருந்தது. நடுவர் விசில் ஊதிய பிறகும் நிறுத்தவில்லை. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் கையில் மயிர் சிலிர்த்து நின்றது இன்னமும் நினைவிருக்கிறது.

அடுத்த வியாழன் துறைமுகத்துக்கு வெளியே ஒரு காபிக் கடையில் டிவி. மிலானில் ஹைடுக் 2-0 என்று முன்னால் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு கோல் அடித்தால் கணக்கு சமம். கிரேன்காரர் கத்தவே இல்லை. காலி காபிக் கோப்பையை எடுப்பார், தட்டில் கவிழ்ப்பார், நிமிர்த்துவார், திரும்பக் கவிழ்ப்பார். கடைசிப் பத்து நிமிடம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், ஆட்டம் முடிந்து பார்த்தால் விரல் தடம் சிவந்திருந்தது. மொத்தத்தில் 3-2, வெளியே போயாகிவிட்டது. ஆனால் இன்டரின் சான் சிரோ மைதானத்தில் ஜெயித்தவர்கள் ஹைடுக்.

1980 மே 4 அன்று அவர் அந்த மைதானத்தில் இருந்தவர். அழுததாகச் சொன்னார். 1990 செப்டம்பரில் பார்ட்டிசானோடு ஆட்டம் நடந்தபோது, டோர்சிடா உள்ளே இறங்கி யூகோஸ்லாவியக் கொடியை எரித்தார்களே, அன்றைக்கும் இருந்திருக்கிறார். அப்போது கை தட்டினாராம். இரண்டும் நான்தான், எதையும் மறைக்க மாட்டேன் என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார். பத்து வருடத்தில் ஒரு நாடு உடைந்ததை ஒரு மனிதன் தன் உடம்பில் சுமந்ததை அன்றைக்கு நேரில் பார்த்தேன். அந்த மனிதரைப் பார்த்துத்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிரித்தீர்கள்.

"டோர்சிடா ரவுடிக் கூட்டம், அதைப் பேசவே மாட்டியா?" பேசுகிறேன். அடிதடி உண்டு, வெறுப்புக் கோஷம் உண்டு. 2015ல் குரோஷியா-இத்தாலி ஆட்டத்தின்போது இதே பொல்யுத்தின் புல்லில் ஸ்வஸ்திகா தெரிந்து, குரோஷியாவுக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள். 1944ல் பாசிசத்துக்கு ஆட மறுத்துத் தீவுக்குப் போன அணியின் மைதானத்தில் அந்தச் சின்னம். எனக்கு அது அசிங்கம்தான், சமாதானம் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் காட்டி 1911 முதல் நடந்த அத்தனையையும் அழிக்க முடியாது.

அப்புறம் ஹைடுக்கின் பெரிய எதிரி, டினாமோ ஜாக்ரெப். "கோப்பை எல்லாம் அவங்ககிட்டதானே இருக்கு?" இருக்கிறது. 2006 முதல் 2016 வரை தொடர்ந்து 11 லீக் பட்டங்கள். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அந்தக் கிளப்பை நடத்திய ஸ்ட்ராவ்கோ மாமிச்சுக்கு 2018ல் நிதி மோசடி வழக்கில் ஆறரை ஆண்டு தண்டனை, ஆள் எல்லை தாண்டி போஸ்னியாவுக்குப் போய்விட்டார். கோப்பையை எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ணுங்கள்.

2014 நவம்பர் 22 நினைவிருக்கிறதா? ஜாக்ரெப்பின் மக்சிமிர் மைதானத்தில் டினாமோவோடு டெர்பி. ஹைடுக் ரசிகர்களில் ஒரு பகுதியினரை உள்ளே விடவில்லை. எங்கள் ஆட்கள் உள்ளே இல்லாவிட்டால் நாங்களும் ஆடமாட்டோம் என்று அணி களத்துக்கே வரவில்லை, பஸ் ஏறி ஊருக்குத் திரும்பியது. ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ராத்திரியில் ஸ்பிளிட்டில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்து வரவேற்றார்கள். பட்டியலில் அது 3-0 தோல்வி. இப்படி ஒரு தோல்வி உங்கள் அணிக்கு இருக்கிறதா?

டினாமோ ரசிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன். குரோஷியாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகு அவர்கள் கிளப்பின் பெயரைப் பிடுங்கி, 1993ல் குரோஷியா ஜாக்ரெப் என்று வைத்தார்கள். ஜனாதிபதி துஜ்மனே அதற்குப் பின்னால் நின்றார். டினாமோவின் ரசிகர் குழுவான பேட் ப்ளூ பாய்ஸ் ஏற்கவே இல்லை. வருடக்கணக்கில் சண்டை போட்டு 2000ல் டினாமோவைத் திரும்ப வாங்கினார்கள். மாமிச்சையும் அவர்கள் எதிர்த்தார்கள். எனக்கு அந்த அணி பிடிக்காது, கடைசி வரை பிடிக்கப் போவதும் இல்லை. ஆனால் பெயருக்காக நின்ற அந்தப் பையன்களைப் பார்த்து ஒரு நாளும் சிரித்ததில்லை. எதிரியைக்கூட மதிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு குரோஷிய அணியான ரியேக்காவோடும் நமக்குப் பகைதான். 2025ல் கடைசி நாள் வரை மூன்று அணியும் முட்டி மோதி, பட்டம் ரியேக்காவுக்குப் போய், ஹைடுக் இரண்டே புள்ளியில் மூன்றாவதாக நின்றபோது நான் வாழ்த்துத்தான் எழுதினேன். தேடிப் பாருங்கள், பதிவு இருக்கிறது.

நம் இந்திய அணிக்கு 2019 முதல் 2024 வரை பயிற்சியாளராக இருந்த இகோர் ஸ்டிமாச்சை இந்தக் குழுவில் எத்தனை பேர் திட்டினீர்கள், எத்தனை பேர் கொண்டாடினீர்கள். அவர் எங்கிருந்து வந்தவர் என்று ஒருவராவது தேடினீர்களா? 1991 மே 8, நாடு உடைந்துகொண்டிருந்த வாரத்தில், பெல்கிரேடில் டிட்டோ பெயரிலான கோப்பைக்கு இறுதி ஆட்டம். ஹைடுக் அணியில் ஸ்டிமாச், எதிரே ரெட் ஸ்டார். போக்சிச் கோல், ஹைடுக்குக்கு 1-0 வெற்றி. ஸ்டிமாச்சுக்கு அன்றைக்குச் சிவப்பு அட்டை. அதே ரெட் ஸ்டார்தான் மூன்று வாரம் கழித்து ஐரோப்பியச் சாம்பியன் ஆனது. அந்தக் கோப்பை இன்றைக்கும் ஸ்பிளிட்டில் இருக்கிறது. சிரித்தவர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள் என்று நம்பவே விரும்புகிறேன்.

எனக்கு வலித்தது அந்தத் தம்பியின் வரி அல்ல. எட்டு வருடமாக இந்தக் குழுவில் ராத்திரி ரெண்டு மணிக்கு முழித்திருந்து ஆட்டக் குறிப்பு எழுதுகிறேன். யார் அணி தோற்றாலும் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஆளின் அணியைப் பற்றிப் பேசும்போது ஒருவர்கூட "இருங்கப்பா, அவர் சொல்றதைக் கேட்போம்" என்று சொல்லவில்லை. கப்பல்காரனுக்கு என்ன வரலாறு தெரியும் என்று நினைத்தீர்களோ என்னவோ. நான் அந்த ஊரின் பழைய மைதானத்துக்குப் போய் நின்றிருக்கிறேன். 1979 வரை ஹைடுக் ஆடிய இடம், இப்போது அங்கே ரக்பி ஆடுகிறார்கள். கிரேன்காரர் ஒரு மூலையைக் காட்டி, அப்பா தோளில் உட்கார்ந்து முதல் ஆட்டம் பார்த்தது இங்கேதான் என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, கம்பி வேலியை உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டினார், ஆட்டின் முதுகைத் தட்டுகிற மாதிரி.

அட்மினுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீடியோ இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்லவில்லை. தலைப்பை மட்டும் மாற்றுங்கள். "1980 மே 4, பொல்யுத், ஸ்பிளிட்" என்று போடுங்கள், போதும். அதுவரை சனிக்கிழமை ஆட்டக் குறிப்பை வேறு யாராவது எழுதிக்கொள்ளுங்கள்.