நம்மூர்க் கடைகளுக்கு ஏஐ வேண்டும், முறுக்கின் படம் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர், ஏஐ (செயற்கை நுண்ணறிவு) என்றாலே அது கோலாலம்பூர் கம்பெனிகளின் சமாச்சாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தீபாவளி நெருங்கினால் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பும் கூட்டம் தேடிப்போகிற சரக்கில் பாதி இங்கேயே கிடைக்கிறது. கிடைக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

மலேசியக் கணக்கில் ஆண்டு விற்பனை 300,000 ரிங்கிட்டுக்குக் குறைவாகவோ, பணியாளர்கள் 5 பேருக்குக் குறைவாகவோ இருந்தால் அது குறுந்தொழில். நம் கடைகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். விளம்பரத்துக்கென்று தனியாக ஆள் போட முடியாது. தோட்டத்தில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியோடு படிப்பு நின்று, கைப்பக்குவத்தை நம்பித் தொழிலுக்கு வந்த அக்காமார்களுக்கு மலாயில் நாலு வரி எழுதத் தயக்கம். மகனோ மகளோ வேலை முடிந்து வந்து எழுதித் தரும்வரை முகநூல் பக்கம் சும்மா கிடக்கும். முறுக்கை ஆசையாக வாங்கும் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இப்படி ஒரு கடை இருப்பதே தெரியாது. இன்றைக்குக் கைப்பேசியில் தமிழில் பேசினாலே சாட்ஜிபிடி என்ற ஏஐ செயலி மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறது. என்னைக் கேட்டால், நமக்கு ஏஐயால் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இதுதான். வாடிக்கையாளர் தரவை அலசுவது, விளம்பரத்தைத் தானே ஓட்டுவது எல்லாம் பிறகு பார்க்கலாம்.

ஆனால் எழுதி வந்ததை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். கேட்காததையும் சேர்த்து எழுதும் பழக்கம் அதற்கு உண்டு. மூலிகைப் பொடிக்கு விளம்பரம் கேட்டால் 'நீரிழிவைக் குணப்படுத்தும்' என்று எழுதிவிடலாம். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி நீரிழிவுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. ஹலால் என்ற சொல்லும் அப்படித்தான். ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) அல்லது மாநில இஸ்லாமிய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் உணவு விளம்பரத்தில் அதைப் போட்டால் குற்றம். மாட்டிக்கொண்டால் பதில் சொல்லப்போவது கடைக்காரர்தான், செயலி வராது. மலாய் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

படத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஏஐ வரைந்த பளபளப்பான முறுக்கைப் போட்டு, வேறொன்றை டின்னில் அடைத்துக் கொடுப்பது ஏமாற்று. இது எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர். ஒருமுறை பெயர் கெட்டால், தோட்டம் தோட்டமாகப் பேச்சு போய்விடும். ஜன்னல் வெளிச்சத்தில் நீங்கள் சுட்ட முறுக்கையே படமெடுங்கள், அதுவே போதும்.

வாடிக்கையாளர்களின் பெயர், கைப்பேசி எண் பட்டியலைக் கண்ட செயலியிலும் ஏற்றாதீர்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சின்னக் கடையையும் கட்டுப்படுத்தும்.

2024 ஜனவரியில் அரசாங்கம் தொடங்கிய 'ஏஐ உந்தோக் ரக்யாட்' (மக்களுக்கான ஏஐ) இணையப் பாடம் இலவசம், தமிழிலும் இருக்கிறது. அடிப்படை புரிய அது போதும். கைபிடித்துச் சொல்லித்தரத்தான் ஆள் வேண்டும். நம் வணிகச் சங்கங்கள் தலைநகர ஹோட்டல்களில் நடத்தும் கருத்தரங்குகளில் ஒன்றையாவது இங்கே ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், கடை அடைக்கும் நாளாகப் பார்த்து நடத்தட்டும். அதுவரை, மலாய் விளம்பரம் எழுதி வைத்துக்கொண்டு தயங்கும் நம்மூர்க்காரர்கள் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள், சரிபார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம்.