அந்தப் படம் எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும்

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வரித்தலை வாத்துகள் மொத்தமாக எழும்புகிற அந்தப் படம்தான். அவை தாமாக எழும்பவில்லை. படமெடுக்க வந்த குழுவினர் கை தட்டினார்கள், கத்தினார்கள், கடைசியில் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தார்கள். பக்கத்தில் நின்று வேண்டாம் என்று சொன்னவன் நான். "அண்ணாச்சி, இரண்டு நிமிடம் பறந்தால் தேய்ந்தா போய்விடும்?" என்று பதில் வந்தது.

தேயத்தான் செய்யும். அன்று வாடைக்காற்று என்ன போடு போட்டது! நமக்கே கரையில் நிற்க முடியவில்லை. வாத்துகள் அலையடிக்காத வடகரையோரம் ஒதுங்கி, காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தன. ஊசிவால் வாத்துகள் அலகை முதுகுச் சிறகுக்குள் செருகியிருந்தன. பெரும்பாலும் இரவில் மேய்ந்து பகலில் ஓய்வெடுக்கிற பறவைகள் அவை. வரித்தலை வாத்தோ இமயத்தைத் தாண்டி வந்தது. கோடைக்கு முன் மறுபடியும் தாண்ட வேண்டும். அதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. படமெடுத்தவர்களே, அதைத்தான் ஒரு படத்துக்காகச் செலவழிக்க வைத்தீர்கள்.

போன பனிக்காலத்தில் என் மகளை அதே கரைக்கு அழைத்துப்போயிருந்தேன். இரண்டு தட்டைவாயன் வாத்துகள் ஒன்றன் வாலை ஒன்று தொடர்ந்து, அகன்ற அலகால் தண்ணீரைச் சலித்தபடி செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருந்தன. அவள் பசியை மறந்து பார்த்தாள். யாரும் கை தட்டவில்லை. உட்கார்ந்திருக்கிற வாத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

படத்தைப் பார்த்துத்தான் ஜனங்களுக்குப் பறவைமேல் ஆசை வரும் என்கிறீர்கள். வரட்டும். பறவையை விரட்டாமல் எடுத்த படத்தைப் பார்த்தும் வரும். ஏரியைத் தூர்த்து மனை போடுகிறவனைக் கேட்டாயா என்கிறீர்கள். கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன். அதனால் நீங்கள் எறிந்தது சரியாகிவிடுமா? மண்கட்டிதானே, கல் இல்லையே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரணாலயத்துக்குள் காட்டுயிரைச் சீண்டக் கூடாது என்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எதை எறிந்து சீண்டினால் என்ன?

என்னைப் பறவைப் பைத்தியம் என்று எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். அந்த ஊர்க்காரர்களை நினைத்தால்தான் ஆறவில்லை. 1994இல் சரணாலயம் ஆனது, பிறகு ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்பிருந்தே பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள் அவர்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காதவர்கள். அன்று சத்தம் கேட்டு ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கரைக்கு ஏறி வந்தார். "யார் பெற்ற பிள்ளைகளோ" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. உங்களில் ஒருவர்கூடக் கேமராவிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

படத்தை எடுத்துவிடுங்கள் என்று தனியாகக் கேட்டேன். பதில் இல்லை. இப்போது எல்லோர் முன்பும் கேட்கிறேன். எடுக்கிறவரை உங்கள் குழுவோடு எந்தக் குளத்துக்கும் நான் வரமாட்டேன்.