தியானம் என்றால் மனத்தை வெறுமையாக்குவதா?

"எண்ணமே எழாத வெற்று மனம்தான் புத்தர் சொன்ன தியானம், எண்ணம் வந்தால் தோல்வி" என்று பரவும் செய்தி தவறு.

பாலி மொழியிலுள்ள 'சதிபட்டான சுத்தா' (கவனத்தை நிலைநிறுத்துவது பற்றிய புத்தரின் போதனை), சிதறிய மனத்தைச் சிதறிய மனம் என்றே அறியச் சொல்கிறது. கவனிக்க வேண்டியவை நான்கு: உடல், வேதனை, சித்தம் (மனநிலை), தம்மம் (மனத்தில் தோன்றுபவை). தமிழில் படிப்போர் தடுமாறும் இடம் 'வேதனை'. பாலியில் அது வலி மட்டுமல்ல. இன்பம், துன்பம், இரண்டுமற்றது என மூன்றையும் குறிக்கும்.

ஜானம் எனப்படும் ஆழ்ந்த தியான நிலைகளில் இரண்டாவதில் எண்ண ஓட்டம் அடங்கும் என்பது உண்மை. ஆனால் அது பயிற்சியின் விளைவு, தொடக்க நிபந்தனை அல்ல.

10 நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். மனம் விலகினால் 'நினைப்பு' என்று குறித்துக்கொண்டு திரும்புங்கள். திரும்புவதுதான் பயிற்சி. வலிந்து அடக்கினால் எண்ணம் மேலும் முண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1979-இல் பேராசிரியர் ஜான் கபட்-ஜின் தொடங்கிய 8 வார மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியும் இதையே கற்பிக்கிறது.